டிஃபன்பேக்கியா செடி: வீட்டுக்குள் வளர்க்கலாமா? என் வீட்டில் நடந்த கதை

உங்கள் வீட்டு ஹாலில், பச்சை இலையில் வெள்ளையும் இளமஞ்சளும் தெளித்த மாதிரி ஒரு செடி இருக்கிறதா?

டிவி ஸ்டாண்டு பக்கத்திலோ, ஷூ ரேக் பக்கத்திலோ, மாடிப்படி திரும்பும் மூலையிலோ?

இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளமான த்ரெட். டீயை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

அந்தச் செடி பெரும்பாலும் டிஃபன்பேக்கியாவாக இருக்கும். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. இந்த ஊர் அரசு மருத்துவமனையில் சேர்ந்து, குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த வாரத்தில் ரோட்டோர நர்சரியில் 150 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெயர் என்னவென்று கேட்டதற்கு நர்சரிக்காரர் சொன்னது என் மாமியார் காதில் "டிபன் பாக்ஸ்" என்று விழுந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது டிபன் பாக்ஸ் செடிதான்.

அந்தப் பெயரை வைத்து ரொம்ப நாள் சிரித்துக்கொண்டிருந்தோம். என் பையன் அதைச் சாப்பிடும் வரைக்கும்.

*

அதைச் சொல்வதற்கு முன்னால், அதற்கு முந்தின வாரம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நைட் டியூட்டி. மணி பத்தரை இருக்கும். இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா ஓடி வந்தார். தண்ணி பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த மண்ணெண்ணெயைக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டது.

பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். செய்ய வேண்டியதைச் செய்தேன். குழந்தை இரண்டு நாள் வார்டில் இருந்து நல்லபடியாக வீட்டுக்குப் போனது.

ஆனால் அன்று ராத்திரி அந்த அம்மாவை நான் நிறையத் திட்டினேன்.

"தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சா பிள்ளைக்கு எப்படிம்மா தெரியும்? நீ எங்கம்மா போயிருந்த? பெத்தா மட்டும் போதுமா?"

வார்டில் எல்லோரும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. நாலு பேருக்கு நல்லது சொன்ன மாதிரிதான் இருந்தது.

*

அடுத்த வாரம். காலை ஓபி. வெளியே இன்னும் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். போன் அடிக்கிறது. அத்தை.

"ஏம்மா, உடனே ஓடி வா. பிள்ளை அந்த டிபன் பாக்ஸ் செடி இலையக் கடிச்சுத் தின்னுட்டான். வாயெல்லாம் வீங்குது."

குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பின்னாடிதான். மூன்று நிமிட நடை. அன்று எப்படிப் போனேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

பையனுக்கு அப்போது ஒரு வயது நான்கு மாதம். கீழ் உதடு தடித்துப் போயிருந்தது. எச்சில் நெஞ்சு வரைக்கும் ஒழுகி சட்டை நனைந்திருந்தது. கையை வாய்க்குள் விட்டு விட்டு எடுத்து அலறிக்கொண்டிருந்தான். தரையில் பாதி கடித்த மஞ்சள் இலை.

அத்தை கையில் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர். "இதக் குடிக்க வச்சு வாந்தி எடுக்க வச்சிரலாம்மா."

நல்லவேளை, கொடுப்பதற்கு முன் வந்துவிட்டேன்.

உறவுகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இலையோ, மண்ணெண்ணெயோ, ஆசிட்டோ, மாத்திரையோ, குழந்தை எதை விழுங்கினாலும் வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விட்டுத் தொண்டையைக் குடையாதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். உள்ளே போகும்போது எரித்தது, வெளியே வரும்போது இன்னொரு முறை எரிக்கும். மண்ணெண்ணெய் என்றால் வாந்தி வரும்போது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும். உப்பு அதிகமாகி ரத்தத்தில் சோடியம் ஏறினால் அதுவே தனி எமர்ஜென்சி.

நான் செய்தது இவ்வளவுதான்.

வாயில் மிச்சம் ஒட்டியிருந்த இலைத் துணுக்கை ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன். உதட்டையும் வாயையும் தண்ணீரால் கழுவினேன். அவன் கை இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்தால் அது வேறு பிரச்சினை. பிறகு ஃபிரிட்ஜில் இருந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். குடித்தான். விழுங்க முடிகிறது என்பதே பாதி நிம்மதி.

அப்படியே தூக்கிக்கொண்டு காஷுவாலிட்டிக்கு ஓடினேன். மூச்சு விடும்போது கீச்சுக் கீச்சென்று சத்தம் வருகிறதா, அழுகுரல் கம்முகிறதா, நெஞ்சு உள்வாங்குகிறதா என்று பார்த்தோம். இல்லை. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 99 காட்டியது. எடைக்கேற்ப பாராசிட்டமால் கொடுத்தோம். சாயங்காலம் வரை கண்காணிப்பில் வைத்தோம்.

கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்த ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர், எழுத வேண்டும் என்பதற்காக மெதுவாகத்தான் கேட்டார்:

"மேடம், அப்போ பாப்பாவ யாரு பாத்துட்டு இருந்தாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. போன வாரம் அந்த அம்மா நின்ற அதே இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

*

சரி, அந்த இலையில் அப்படி என்னதான் இருக்கிறது?

இது உங்கள் வீட்டு அடுக்களைக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான்.

கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும். சரியாக வேகாமல் சாப்பிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். அதனால்தான் பாட்டிமார்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குவார்கள். புளி ஊற்றி வேக வைப்பார்கள். சேப்பங்கிழங்கும் அப்படித்தான்.

அந்த அரிப்புக்கு முக்கியக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு. இது கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகங்களாக, கட்டுக் கட்டாக, செடியின் சில செல்களுக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். கடித்ததும் செல் உடைந்து ஊசிகள் வெளியே பாய்ந்து நாக்கிலும் உதட்டிலும் குத்தி நிற்கும். கூடவே செடியின் சாற்றில் இருக்கும் வேறு பொருள்களும் சேர்ந்து எரிச்சலையும் வீக்கத்தையும் கூட்டும்.

டிஃபன்பேக்கியா அந்தக் கருணைக்கிழங்கு, சேம்புக் குடும்பத்தில் பிறந்த செடிதான். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் காடுகள். நம் கிழங்கு உறவுக்காரர்களைச் சமைத்துச் சாப்பிடலாம். இதைச் சமைத்தும் சாப்பிடக்கூடாது.

ஆங்கிலத்தில் இதற்கு டம்ப் கேன் என்று ஒரு பெயர். ஊமைத் தண்டு என்று சொல்லலாம். கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சு வராமல் போகும் என்பதால் வந்த பெயர். கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளைத் தண்டிக்க இதை அவர்கள் வாயில் தேய்த்திருக்கிறார்கள். நம் ஹாலில் அழகாக நிற்கும் செடிக்குப் பின்னால் இப்படியும் ஒரு வரலாறு.

*

அன்று ராத்திரி பையன் தூங்கிவிட்டான். வீக்கம் பாதி வடிந்திருந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சித்தப்பா ஃபார்வர்டு போட்டார்.

டிஃபன்பேக்கியா படம். கீழே, "இந்தச் செடி ஒரு குழந்தையை ஒரே நிமிடத்தில் கொல்லும். பெரியவர்களை 15 நிமிடத்தில் கொல்லும். உடனே வேரோடு பிடுங்கி எறியுங்கள்."

உங்களுக்கும் வந்திருக்கும். பல வருஷமாகச் சுற்றுகிறது.

இது உண்மையல்ல.

அந்தப் படிகம் தண்ணீரில் எளிதில் கரையாது. ஆகவே ரத்தத்தில் பெரிதாகக் கலப்பதில்லை. பாதிப்பு பெரும்பாலும் பட்ட இடத்தோடு, அதாவது உதடு, நாக்கு, வாயோடு நின்றுவிடும். முதல் கடியிலேயே வலிப்பதால் குழந்தை துப்பிவிடும், நிறையச் சாப்பிடாது. பெரும்பாலானவர்களுக்குச் சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் சரியாகிவிடும். உயிர் போவது மிக மிக அரிது.

அப்படியென்றால் அலட்சியமாக இருக்கலாமா? கூடாது. தொண்டைப் பகுதி வீங்கினால் மூச்சுப்பாதை அடைபடலாம். சாறு கண்ணில் பட்டால் கருவிழியைக் காயப்படுத்தும். அதனால்தான் கண்காணிப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே உயிரை எடுக்கக்கூடிய செடிகள் நம் வாசலிலேயே நிற்கின்றன. இதயத்துடிப்பைக் குலைக்கும் அரளி. ஊமத்தை. குன்றிமணி விதை. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு. இவற்றைப் பற்றி எந்தச் சித்தப்பாவும் ஃபார்வர்டு போடுவதில்லை. இதில் எதைக் குழந்தை வாயில் வைத்தாலும், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

*

மறுநாள் காலை அத்தை செடியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். "பிள்ளையக் கடிச்ச செடி இந்த வீட்ல வேணாம்."

அவர் பயம் நியாயம். நானும் எறிந்துவிடத்தான் நினைத்தேன்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. பையனுக்கு எப்படி இலை கிடைத்தது? அவன் செடியில் இருந்து பறிக்கவில்லை. தரையில் விழுந்து கிடந்த மஞ்சள் இலையை எடுத்திருக்கிறான். இலை ஏன் மஞ்சளாகி விழுந்தது?

நோயாளியைப் பார்ப்பது போல உட்கார்ந்து செடியைப் பார்த்தேன். அப்போதுதான் அதுவும் ஒரு நோயாளி என்று தெரிந்தது.

தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து குச்சி மாதிரி நீண்டிருந்தது. புது இலைகளில் வெள்ளையே குறைந்து ஒரே பச்சை. கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சள். மண்ணைத் தொட்டால் சேறு. மோந்து பார்த்தால் சாக்கடை நாற்றம்.

விசாரித்தேன். காலையில் டியூட்டிக்குப் போகும்முன் நான் தண்ணீர் ஊற்றுவேன். மதியம் அத்தை ஊற்றுவார். சாயங்காலம் வேலைக்கு வரும் அக்கா, செடி வாடி நிற்கிறதே என்று பாவப்பட்டு இன்னொரு சொம்பு. மூன்று டாக்டரிடம் தனித்தனியாகப் போய் மூன்று பேர் எழுதிய மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடும் நோயாளியின் கதைதான்.

செடியை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அத்தனை இலை பழுத்திருக்காது. ஒன்றிரண்டு பழுத்தாலும், விழுவதற்கு முன்னாலேயே வெட்டி எடுத்திருப்போம். அவன் கைக்கு அது போயிருக்காது.

ஆகவே, வளர்க்கிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

1. வெளிச்சம்

இலையில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பச்சையம் கிடையாது, அல்லது மிகக் குறைவு. அந்த இடம் அழகுக்கு உதவும், சமைக்க உதவாது. மிச்சமிருக்கும் பச்சைப் பகுதிதான் மொத்த இலைக்கும் சேர்த்துச் சாப்பாடு தயாரிக்க வேண்டும். ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பம் மாதிரி.

அதனால் முழுப்பச்சைச் செடியை விட இதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். இருட்டு மூலையில் வைத்தால் உடனே சாகாது, ஆனால் தண்டு நீளும், இலை சிறுக்கும், வெள்ளை குறையும்.

அதற்காக நேரடி வெயிலில் வைக்கக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயில் அந்த வெள்ளைப் பகுதியை இரண்டு நாளில் கருக்கிவிடும். கிழக்கு ஜன்னல் நல்லது. மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய திரை போடுங்கள். பகலில் லைட் போடாமல் அந்த இடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடிந்தால் அங்கே இந்தச் செடி வளரும் என்பது என் கணக்கு.

வாரம் ஒரு முறை தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் பக்கமே சாயும்.

2. தண்ணீர்

வீட்டுக்குள் வைக்கும் செடி தண்ணீர் இல்லாமல் சாவதை விட, தண்ணீர் அதிகமாகிச் சாவதுதான் அதிகம். மண்ணில் காற்று போக இடமில்லாமல் வேர் அழுகிவிடும். வேர் அழுகினால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை வாடும். நாம் வாடியிருக்கிறதே என்று இன்னும் ஊற்றுவோம்.

நாள் கணக்கு வேண்டாம். விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளியே வரும் அளவுக்கு ஊற்றுங்கள். துளை இல்லாத தொட்டியில் வைக்கவே வைக்காதீர்கள்.

முக்கியமாக, வீட்டில் ஒருவர் மட்டும் ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பொறுப்பு அத்தையுடையது.

3. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு

இதைச் சொல்லவே எனக்கு வெட்கம். கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருமுறை எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சோதனைக்கு வந்தார். செடித் தட்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மேடம், நெளியுது பாருங்க" என்றார். கொசுப்புழு. காலையில்தான் ஓபியில் டெங்கு பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தேன்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் குளம் குட்டை தேவையில்லை. தட்டில் நிற்கும் தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். தண்ணீர் ஊற்றிய அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். வாரம் ஒரு முறை தட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். பாட்டிலில் மணி பிளான்ட் வைத்திருப்பவர்களும் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலைத் தேய்த்துக் கழுவி, மாற்றுங்கள்.

4. மண், உரம்

வெறும் களிமண் வேண்டாம். தோட்டத்து மண், தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் மணல், மண்புழு உரம் கலந்து தண்ணீர் நிற்காத மாதிரி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். வெள்ளை அதிகமுள்ள செடி மெதுவாகத்தான் வளரும். அதிக உரம் போட்டால் வேகமாக வளராது, இலை ஓரம்தான் கருகும்.

5. ஏசி

ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஈரப்பதமான காட்டில் பிறந்த செடி. வறண்ட குளிர்காற்றில் இலை நுனி பழுப்பாகும்.

6. பூச்சி

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஊசி போடும்போது தேய்ப்போமே, அந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தாலே போகும். நிறைய இருந்தால் வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள்.

7. வெட்டுவது

தண்டு நீண்டு சாய்ந்துவிட்டால் பயப்படாமல் வெட்டலாம். அடித்தண்டில் இருந்து புதுத் தளிர் வரும். வெட்டிய தண்டைக் கணு இருக்கிற மாதிரித் துண்டு போட்டு, ஒரு நாள் காயவிட்டு நட்டால் புதுச் செடி.

ஆனால் கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். கையுறை இல்லையென்றால் பாலித்தீன் கவரைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். சாறு கண்ணில் தெறிக்காமல் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கத்தி அடுக்களைக்குப் போகக்கூடாது.

8. எங்கே வைப்பது?

குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில். நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத இடத்தில். கீழ் இலை வயதாகி மஞ்சளாவது இயல்புதான். மஞ்சளாக ஆரம்பித்ததும் வெட்டிக் குப்பையில் போட்டு மூடிவிடுங்கள். அது தரையில் விழும் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் நாய், பூனை இருந்தாலும் இதே கதைதான். அவற்றுக்கும் வாய் வீங்கும், எச்சில் ஒழுகும், வாந்தி வரும்.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அப்படியோர் இடம் இல்லையா? இரண்டு மூன்று வருஷத்துக்கு இந்தச் செடியை மாடியில் நிழலில் வைத்துவிடுங்கள், அல்லது குழந்தை இல்லாத உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். செடி எங்கேயும் போய்விடாது.

மணி பிளான்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா, சின்கோனியம், ஃபிலோடென்ட்ரான், கலாடியம், மான்ஸ்டெரா எல்லாம் இதே குடும்பம்தான். எல்லாவற்றிலும் அந்த ஊசிப் படிகம் உண்டு. டிஃபன்பேக்கியாவுக்குச் சொன்ன பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

*

"டாக்டர், இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வளர்க்கணும்? காற்றைச் சுத்தம் பண்ணும்னு சொல்றாங்களே, அதுக்கா?"

அதற்காக வளர்க்காதீர்கள். 1989-இல் நாசா செய்த ஓர் ஆய்வை எல்லோரும் சொல்வார்கள். அது மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. நம் வீடு அப்படியில்லை, கதவு ஜன்னல் வழியே காற்று வந்து போகிறது. பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வைக்க வேண்டும் என்று சொன்னது. அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பது சுலபம்.

நான் வளர்ப்பதற்குக் காரணம் சின்னது. 24 மணி நேர டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், சுருட்டி வைத்த பேப்பர் மாதிரி இருந்த தளிர் விரிந்து புது இலையாகி நிற்கும். ஒவ்வொரு இலையிலும் வெள்ளை வேறு மாதிரி விழுந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பேன். எனக்கு அது போதும்.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவரே, "அந்த கிழக்கு ஜன்னல் மேல ஒரு ஷெல்ஃப் அடிச்சா எட்டாதுல்ல?" என்றார். அழுகிய வேரை வெட்டி, புது மண்ணில் நட்டு, அங்கே ஏற்றினோம். ஒன்றரை மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் ஒரு தளிர் வந்தது. விரிந்தபோது நடுவில் வெள்ளை பழையபடி இருந்தது. அத்தைதான் முதலில் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

*

இரண்டு மாதம் கழித்து அந்த மண்ணெண்ணெய்க் குழந்தையை அதன் அம்மா மறுபடி கூட்டி வந்தார். இந்த முறை சாதாரணச் சளி, காய்ச்சல். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி நின்றார். நான் எப்போது திட்டப் போகிறேனோ என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

குழந்தையைப் பார்த்து மருந்து எழுதிய பிறகு சொன்னேன். "அன்னைக்கு உங்கள ரொம்பப் பேசிட்டேன்மா. அடுத்த வாரமே என் பையன் விஷச் செடி இலையக் கடிச்சுட்டான். அப்போ நானும் வீட்ல இல்ல."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"ஐயோ, பிள்ளைக்கு இப்ப நல்லாருக்கா டாக்டரம்மா?"

போகும்போது சொன்னார். "மண்ணெண்ணெய இப்பல்லாம் பரண் மேல வச்சிர்றேன். பழைய டப்பால, மூடி இறுக்கமா."

அவரை நான் திட்டியதில் அவருக்கு என்ன பிரயோஜனம் என்று யோசித்துப் பார்த்தேன். அன்று ராத்திரி அவருக்கு வேண்டியிருந்தது, எங்கே வைக்க வேண்டும், எதைக் கொடுக்கக்கூடாது என்ற இரண்டு வாக்கியம்தான். அதை நிதானமாகச் சொல்லியிருக்கலாம். திட்டு வாங்கப் பயந்து அடுத்த முறை ஓர் அம்மா ஆஸ்பத்திரிக்கு வரவே தயங்கினால், அந்தப் பழி யாருக்கு?

இப்போது விபத்துக் கேஸ் வந்தால் "யார் பாத்துட்டு இருந்தீங்க" என்று நான் கேட்பதில்லை. "எது, எவ்வளவு, எப்போ" என்று மட்டும் கேட்கிறேன். சிகிச்சைக்கு அதுதான் வேண்டும்.

*

சுருக்கமாக:

குழந்தை இந்த மாதிரிச் செடியைக் கடித்துவிட்டால்,

- வாயில் இருப்பதை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வாய், கை, முகம் கழுவுங்கள்.

- விழுங்க முடிந்தால் குளிர்ந்த பால், தயிர், தண்ணீர் கொஞ்சமாகக் கொடுக்கலாம். சின்னக் குழந்தைக்கு ஐஸ் கட்டி வேண்டாம், புரையேறும்.

- வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

- கண்ணில் சாறு பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

- மூச்சுத் திணறல், குரல் கம்முதல், எச்சிலையே விழுங்க முடியாமை, நாக்கு வீக்கம் அதிகமாதல், இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

- எதுவுமில்லை என்றாலும் சிறு குழந்தை என்றால் ஒருமுறை பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். கடித்த இலையைக் கையோடு கொண்டு வாருங்கள். எந்தச் செடி என்று தெரிந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டுச் செடியை ஒரு முறை பாருங்கள். மஞ்சள் இலை இருக்கிறதா, தட்டில் தண்ணீர் நிற்கிறதா, குழந்தையின் கைக்கு எட்டுகிறதா. மூன்றையும் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

அந்த ஃபார்வர்டு மறுபடி உங்கள் குரூப்பில் வந்தால் இந்தப் பதிவை அங்கே போட்டுவிடுங்கள்.